சுவரில் ஏறிய விரல்கள்

பீர்மேட்டில் சில தேயிலை எஸ்டேட்டுகளுக்குப் பொதுவான ஆஸ்பத்திரி அது. 1974இல் அங்கே பிசியோதெரபிஸ்ட் நான் ஒருவன்தான். தோளுக்குப் பயிற்சி தரும் சக்கரம் அச்சு முறிந்து கிடந்தது. சூடு கொடுக்கும் விளக்குக்கு பல்பு கேட்டு எழுதியும் வரவில்லை. கொழுந்துக்கூடை சுமந்து தோள் இறுகிப்போன பெண்கள் வராந்தா முழுக்கக் காத்திருப்பார்கள். ஆளாளுக்குக் கை பிடித்துப் பயிற்சி கொடுக்க நேரம் ஏது? எல்லோருக்கும் ஒன்றையே சொல்லி அனுப்புவேன்.

"செவுத்துல வெரல நடக்க உட்டு மேல ஏத்துங்க. எட்டுன எடத்துல கரியில ஒரு கோடு. நாளைக்கு அதத் தாண்டோணுமுங்க."

தலையாட்டிவிட்டுப் போவார்கள். யார் செய்யப்போகிறார்கள் என்று எனக்குச் சலித்துவிட்டது. சொந்த ஊர் நல்லேப்பிள்ளியிலிருந்து அப்பா வேறு, "கைகாலு நீவி உடறதுக்கா உன்னையப் படிக்க வெச்சேன்?" என்று கேட்டபடி இருந்தார். கோயமுத்தூரில் வேறு வேலை கிடைத்தது. மறுநாள் காலை பஸ்ஸில் கிளம்புவதாக முடிவு செய்தேன்.

அன்று மத்தியானம் எஸ்டேட் சூப்பர்வைசர் வீரபாண்டி ஜீப்பில் வந்து இறங்கினார்.

"லைன் வீட்டுப் பொம்பளைகளுக்கு என்னய்யா சொல்லித் தொலைச்சீரு? வெள்ளையடிக்கப் போனவன வெரட்டுறாளுக! நீரே வந்து சொல்லும்."

தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைனுக்குப் போனேன். என்னிடம் தோளுக்கு வந்துபோன சுருளியம்மாள் தன் வாசலை மறித்து நின்றாள். பெரியமுத்து சுண்ணாம்பு வாளியோடு எட்டவே நின்றான்.

"சார் சொல்லாம இந்தச் செவத்தத் தொட்டே, வாளிய ஒன் தலையில கவுத்துருவேன்!"

உள்ளே பார்த்தேன். இடுப்பளவில் தொடங்கிய கரிக்கோடுகள் கூரைத் தகரம் வரை ஏறியிருந்தன. பக்கத்தில் குங்குமக் கோடுகள், மஞ்சள் கோடுகள்.

"குங்குமம் மாரித்தாயி. அவ வீட்டுச் செவரு ஈரம், ஒண்ணும் நிக்கல. மஞ்சா அழகுத்தாயி. எங்கூடப் பந்தயம் கட்டித் தோத்துட்டா."

அழகுத்தாய் என்று யாரும் ஆஸ்பத்திரிக்கு வந்ததே இல்லை. சுருளியம்மாள் வலக்கையைத் தூக்கிக் கூரைக்கம்பைப் பிடித்துக் காட்டினாள். தலை வார முடியாமல் என் முன்னால் அழுத அதே கை. முறிந்த சக்கரத்தின் வேலையை இந்தச் சுவர் செய்திருந்தது, சொல்லிக்கொடுத்தவன் நான். என் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"கரிய இழுத்தா கை சரியாப் போயிருமாக்கும்," என்ற வீரபாண்டி இடது தோளைத் தடவிக்கொண்டார்.

"நீங்களும் வாங்கய்யா. காலைல எங்களக் கை நீட்டித் திட்டவாச்சும் ஒதவும்," என்றாள் சுருளியம்மாள்.

பெரியமுத்துகூடச் சிரித்துவிட்டான். வீரபாண்டி வீம்புக்குச் சுவரில் விரலை ஏற்றினார். மார்பளவிலேயே முகம் கோணியது. நான் கரியை வாங்கி அங்கே கோடு போட்டேன்.

"நாளைக்கு இதத் தாண்டோணுமுங்க."

"நாளைக்குத்தான் நீரு பஸ் ஏறுறீராமே. யாரு வந்து பாக்கப்போறா?"

"நான்தானுங்க," என்றேன்.