கிளியம்மாளுக்குப் போட்ட இலை

கிளியம்மாளுக்கு மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து ஏகநாதன் வீட்டில் அடுப்பு மூட்டுவதே நின்றுபோனது. தாளிக்கிற வாசனை மூக்கில் பட்டாலே அவளுக்குக் குடலைப் புரட்டியது. அதனால் வேண்டியவர்கள் எல்லாரும் தங்கள் வீட்டில் சமைத்துக் கொண்டுவந்தார்கள். பின்தெருவில் இருந்த ஏகநாதனின் அக்கா தாயாரம்மாள் காலையில் இட்லி அனுப்புவாள். பக்கத்து வீட்டு அமலராணி டீச்சர் பள்ளிக்கூடம் போகிற அவசரத்திலும் ஒரு சொம்பு ரசத்தை வைத்துவிட்டுத்தான் பஸ் பிடிப்பாள். ஏகநாதனின் கூட்டாளி சம்பத், தள்ளினால் மட்டுமே கிளம்பும் தன் அம்பாசடர் காரில் சிட்லபாக்கத்திலிருந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தான். இத்தனை பேர் தாங்கியும், அவள் வயிற்றுக்குள் போனது என்னவோ இரண்டு வாய்தான்.

"வெய்ட் ரொம்ப எறங்கிப்போச்சு" என்றார் டாக்டர். "இன்னும் எறங்கினா அடுத்த மருந்து ஏத்த முடியாது. வெள்ளிக்கிழமை வாங்க. எப்படியாவது சாப்பிட வைங்க."

ஏற்றாவிட்டால் என்ன ஆகும் என்று ஏகநாதன் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு சங்கதியும் இருந்தது. கிளியம்மாள் அவனுக்கு இரண்டாம் தாரம். முதல் தாரம் அவளுடைய சொந்த அக்கா பச்சையம்மா. கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் காய்ச்சலில் போய்விட்டாள். பொட்டும் பூவுமாகப் போனவள் ஆகையால் அந்த வீட்டுக்கு அவள்தான் பூவாடைக்காரி, குடும்பத்தைக் காக்கும் சாமி. ஆடி மாதம் கூடத்தில் பெரிய தலைவாழை இலை விரித்து, அவளுக்குப் பிடித்ததையெல்லாம் ஆக்கிப் பரப்பி, பக்கத்தில் புதுப் புடவை வைத்து, புடவை மேல் மல்லிகைப்பூ வைத்துச் சூடம் ஏற்றுவார்கள். அந்தப் படையலை வருஷா வருஷம் கிளியம்மாள்தான் செய்தாள். அக்கா விஷயத்தில் ஒரு குறை வைக்க மாட்டாள்.

இந்த வருஷம் செய்யவில்லை. ஆடியில்தான் நோய் இன்னதென்று தெரிந்தது. அந்தக் கலவரத்தில் படையல் யாருக்கு ஞாபகம் இருக்கும்? இரண்டாவது முறை மருந்து ஏற்றி வந்த மறுநாள், கட்டிலில் படுத்தபடியே கிளியம்மாள் சொன்னாள்.

"சமையக்கட்டு வாசப்படில அக்கா ஒக்காந்துகினு கீது, மாமா."

ஏகநாதன் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து அந்த வாசப்படியைத் தாண்டும்போதெல்லாம் அவன் கொஞ்சம் ஒதுங்கித்தான் போனான். மருந்தின் மயக்கம் என்று டீச்சர் சொன்னதை நம்பத்தான் அவனுக்கும் ஆசை. காலில் ஏறிய ஜில்லிப்பு நம்பவிடவில்லையே.

தாயாரம்மாள் சும்மா இருக்கிற ஆளா? ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாகச் சேர்ந்து கிளியம்மாளுக்குப் பிடித்ததை ஆக்கி உட்காரவைத்துச் சாப்பிட வைத்துவிடுவது என்று முடிவு கட்டினாள். சம்பத் கோவளம் போய் வஞ்சிரம் வாங்கிவந்தான். தாயாரம்மாள் வீட்டில் மீன் குழம்பும் மொச்சைப் பொரியலும் ஆயின. டீச்சர் பால் பாயசம் வைத்தாள். வகைக்கு ஒன்றாக எடுத்து வைக்க இடம் வேண்டுமே என்று கூடத்தில் பெரிய தலைவாழை இலையாக விரித்தார்கள். பரப்பினார்கள். உடம்பு இளைத்துப் பழைய ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப் போயிருக்கிறது என்று தாயாரம்மாள் புதுப் புடவையும் ரவிக்கையும் எடுத்துவந்திருந்தாள். அவற்றை இலை பக்கத்தில் வைத்தாள். பூவும் வாங்கியிருந்தாள். ஆனால் கிளியம்மாள் தலையில் பூ வைக்க ஒரு முடி இல்லை. கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் திகைத்து, பூவைப் புடவை மேல் வைத்துவிட்டாள்.

டீச்சர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். கிளியம்மாள் இலையைப் பார்த்தாள், புடவையைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள். உட்காரவில்லை.

"சூடத்தையும் ஏத்திடுங்க அண்ணி" என்றாள்.

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. தாயாரம்மாள் தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பாவம், அவள் செய்ததெல்லாம் பிரியம்தான். ஆனால் போட்ட இலையை எப்படிப் போடவில்லை என்று ஆக்குவது?

அதற்குப் பிறகு கிளியம்மாள் தண்ணீருக்கு மேல் எதையும் வாங்கவில்லை. பிடித்த பண்டம் எதைக் காட்டினாலும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "அக்கா கூப்புடுது. இலை போட்டாச்சு, இன்னும் இன்னா படுத்துகினு கீறன்னு கேக்குது" என்றாள். அழாமல், காய்கறி விலை சொல்வதுபோல் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை காய்கறிக் கடையில் நின்றபோது அவனுக்கு ஒன்று தோன்றியது. பச்சையம்மாவுக்குப் பிடித்தவை அவனுக்கு மனப்பாடம். வருஷா வருஷம் இலையில் பார்த்தாயிற்று. கிளியம்மாளுக்கு எது பிடிக்காது? அது தெரியாது. இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்து, அவள் கையால் தின்று, அது தெரியாது. கடைக்காரன் என்ன வேண்டும் என்று கேட்கக் கேட்க வீட்டுக்கு நடந்தான்.

"கிளி, ஒனக்குப் புடிக்காதது இன்னா?"

"இன்னாத்துக்கு?"

"சொல்லேன்."

"பொடலங்கா."

"அத நீதான வாராவாரம் ஆக்குற?"

"நீ ஆசையா துன்றியேன்னு ஆக்குனேன். நான் என்னிக்கு அத வாயில வெச்சேன், நீ பாத்த?"

பார்த்ததில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது. மறுபடி கடைக்குப் போய்ப் புடலங்காய் வாங்கிவந்தான். வாசனை உள்ளே வராமலிருக்கக் கொல்லையில் கிணற்றடியில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, பருப்பை வேகவைத்து, காயை நறுக்கிப் போட்டு, தாளிக்காமலே ஒரு கூட்டு செய்தான். அவன் வாழ்நாளில் செய்த முதல் சமையல் அது, பார்த்தால் தெரிந்தது. சோற்றோடு பிசைந்து எவர்சில்வர் தட்டில் போட்டுக் கட்டிலுக்குக் கொண்டுபோனான்.

"புடிக்காதத எவனாவது படைப்பானா, கிளி?" என்றான். "இது படையல் இல்ல. சோறு. துன்னு."

அவள் தட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு வாய் எடுத்தாள். முகம் கோணியது.

"உப்பு இல்ல. காயும் வேவல. இத மனுசன் துன்னுவானா?"

சொல்லிவிட்டு அடுத்த வாய் எடுத்தாள். அவள் திட்டுவதைக் கேட்க ஏகநாதனுக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் மறந்துபோய்ச் சமையலறை வாசப்படியில் உட்காரப் போனான்.

"அங்க ஒக்காராத. அக்கா கீது."

அவனுக்கு நகர்ந்துவிடலாம் என்றுதான் இருந்தது.

"தள்ளி ஒக்காரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். முதுகு ஜில்லென்றது. திரும்பிப் பார்க்கவில்லை. "இன்னா செய்யிறா?"

கிளியம்மாள் அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"மொகத்த சுளிச்சிகினு கீது. அதுக்கும் பொடலங்கா ஆவாது மாமா. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. பச்சையம்மாவும் அவனுக்கு வாராவாரம் அதைத்தான் ஆக்கிப் போட்டிருக்கிறாள். ஏகநாதன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, முன்னால் ஒருத்தியும் பின்னால் ஒருத்தியும் பார்த்திருக்க, சின்னப் பிள்ளையாக அழுதான்.

தட்டு தரையில் உரசும் சத்தம் கேட்டுத் துண்டை விலக்கினான். கிளியம்மாள் காலித் தட்டை அவன் பக்கம் தள்ளியிருந்தாள்.

"அழுவாத. இன்னும் கொஞ்சம் போடு" என்றாள். "அது பாக்கட்டும்."