தெருவைக் கடந்த செடி

சாமியம்மாளின் செடி ஒரு செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் சமையலறை ஜன்னல் கம்பி வழியாக வெளியேறி, வேப்பமரக் கிளைமேல் சாய்ந்து தெருவைக் கடந்து, எதிர்வீட்டு மொட்டைமாடியில் போய் வெயிலுக்குக் காத்திருந்தது. முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்ற வந்த பஸ் ஓட்டுநர், விரல் கனத்தில் ஒரு வெளிர்பச்சைத் தண்டு தலைக்கு மேலே போவதைப் பார்த்தார். கூரையில் இடிக்காது என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டார். அன்று நெய்வேலியில் தக்காளி விலை இறங்கியிருந்தது. அந்தத் தெருப் பெண்கள் முதலில் பேசிக்கொண்டதும் அதைப் பற்றித்தான்.

சாமியம்மாள் கம்மாபுரம் பக்கத்துக்காரி. அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். சுரங்க கேன்டீனில் வெகுகாலம் கான்ட்ராக்டில் சோறு வடித்து, பெர்மனென்ட் ஆன பிறகு கிடைத்தது அந்தக் கீழ்த்தளக் குவார்ட்டர்ஸ். நல்ல வீடு, ஆனால் சுற்றிலும் மரம். பட்டப்பகலிலும் லைட் போட்டால்தான் அரிசியில் கல் பொறுக்க முடியும். மகள் இசைப்பிரியா ஓசூருக்கு வேலைக்குப் போகும்போது, தாமரைப் பூப்போல சதைப்பற்றான இலைகளை அடுக்கி வைத்திருந்த ஒரு சக்குலண்ட் செடியைத் தொட்டியோடு அம்மாவிடம் விட்டுப் போனாள். இருட்டில் அதன் அடுக்கு குலைந்தது. இலைகள் எட்ட எட்ட விலகின, தண்டு கழுத்தை நீட்டியது. தொட்டியைத் திருப்பி வைத்தால் செடியும் திரும்பிக்கொண்டது. எதிர்வீட்டு மாடி முழுக்க வெயில் என்பது சாமியம்மாளுக்குத் தெரியும். ஆனால், தொட்டி வைக்க இடம் கொடுங்கள் என்று போய் நிற்க அவளால் ஆகவில்லை. கேட்காமல் வாழ்ந்தோம் என்பதுதான் அவள் சேர்த்து வைத்திருந்த ஒரே சொத்து.

செடி வந்து சேர்ந்த அன்று, எதிர்வீட்டு ஜானகியம்மாள் ஆளனுப்பிக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருப்பவர். சாமியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடியேறினாள்.

“நா யாருகிட்டயும் எதுவும் கேட்டதில்லீங்க டீச்சர். இது எங்கிட்டகூட சொல்லாம வந்துகினு நிக்குது. வெட்டி எடுத்துடறேன்.”

“எதுக்கு வெட்டணும்? வெயில் என்ன எங்க வீட்டு சொத்தா? ஆனா திடீர்னு வெயில் பட்டா இலை வெந்துடும்ங்க. ஒரு பழைய புடவை இருந்தா கட்டுவோம்.”

இருவருமாகச் செடியின் தலைக்கு மேல் நூல்புடவையைப் பந்தலாகக் கட்டினார்கள். தினமும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினார்கள். செடி வெயிலுக்குப் பழகியது. புது இலைகள் நெருக்கமாக, தடிப்பாக, ஓரம் சிவந்து வந்தன. ஆடி போய் ஐப்பசி வருவதற்குள் தலை ஒரு பித்தளைத் தாம்பாளம் அளவு விரிந்துவிட்டது. சாமியம்மாள் கேன்டீனில் பரிமாறும்போதே அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ஷிப்டு முடிந்தவர்கள் சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

கார்த்திகையில் புயல் என்றார்கள். தலை கனத்துவிட்டது, தண்டோ அதே மெலிந்த தண்டு. காற்று பிடித்தால் தலையோடு தண்டும் ஒடிந்துவிடும். சாமியம்மாள் மகளுக்குப் போன் போட்டாள்.

“நீண்டது இனிமே சுருங்காதும்மா. தலையை வெட்டித் தனியா நடு.”

“உசுரோட இருக்கறத எப்பிடிடி வெட்டுறது?”

“வெட்டினா ரெண்டும் பிழைக்கும். விட்டா ரெண்டும் போயிடும்.”

அன்று மத்தியானம், வானம் கறுத்துக்கொண்டிருந்தபோது, சாமியம்மாள் காய் நறுக்கும் கத்தியைத் துடைத்து எடுத்துப்போய் ஒரே வெட்டில் வெட்டினாள். தலையை ஜானகியம்மாளின் கூடத்து அலமாரியில், வெட்டுவாய் காயும்படி நிழலில் வைத்தார்கள். தெருக்காரர்கள் கயிறு கொண்டுவந்து தண்டைக் கிளையோடு கட்டினார்கள். புயல் வேறு இரண்டு வேப்பமரங்களையும் ஒரு தண்ணீர்த் தொட்டி மூடியையும் கொண்டுபோனது. தண்டைக் கட்டிய மரம் தப்பியது, தண்டும் கயிற்றில் ஆடிக்கொண்டு நின்றது. மரங்கள் போன இடம் வழியாக சாமியம்மாளின் சமையலறைக்குள் முதல்முறையாக வெயில் விழுந்தது.

காயம் ஆறிய தலையை மணலும் செங்கல் பொடியும் கலந்த தொட்டியில் நட்டாள், வேர் விட்டது. மொட்டைத் தண்டிலோ, இலை உதிர்ந்த ஒவ்வொரு தழும்பிலிருந்தும் ஒரு குட்டிச் செடி கிளம்பியது. தெருவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும், குத்துவிளக்குகளைக் கொடியில் கோத்ததுபோல. சாமியம்மாள் ஏணி போட்டு ஏறி, கேட்ட வீட்டுக்கெல்லாம் ஒன்று கிள்ளிக் கொடுத்தாள். கேட்காத வீட்டுக்கும் கொடுத்தாள். கொடுக்கும்போதெல்லாம், “எங்கூட்டு செடி. வெளிச்சத்துல வைங்க. தண்ணிய கம்மியா வுடுங்க,” என்றாள். கிள்ளிய இடத்தில் மறுவாரமே வேறொன்று முளைத்தது.

பொங்கலுக்கு வந்த இசைப்பிரியா நடுத்தெருவில் பையோடு நின்று மேலே பார்த்தாள். “இவ்ளோ நீளமாம்மா?” என்றாள். “வெளிச்சம் அங்க இருந்துது, இது போச்சு,” என்றாள் சாமியம்மாள். இருவரும் உள்ளே போய்ச் சாப்பிட்டார்கள்.

தண்டு இப்போது மணிக்கட்டுக் கனம். மழை விட்ட நாட்களில் அந்தத் தெருக்காரர்கள் துணி காயப்போடுவது அதில்தான். டீச்சர் வீட்டார் உட்பட எல்லோரும் சாமியம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போடுகிறார்கள். அவளும் சரி என்றுதான் சொல்கிறாள். ஈரப் போர்வைக்கு மட்டும் அனுமதியில்லை.