ரேடியேட்டருக்கு முன்னால்

...கூலண்ட் குறைவு, தெர்மோஸ்டாட் பழுது, ஃபேன் பெல்ட் தளர்வு, தண்ணீர்ப் பம்ப் கசிவு, ஓட்டுநரின் கவனக்குறைவு, இவற்றில் ஒன்றைத் தொட்டால் அறிக்கை முடிந்துவிடும், கைப்பேசிப் படிவம் அவ்வளவு சுலபம், இந்த நாற்றம்தான் சகிக்கவில்லை, வெந்த ரப்பரும் கூலண்டின் இனிப்பும் கலந்து தொண்டைக்குள் இறங்குகிறது... ஆயர் ஈத்தாம் ஏற்றத்தில் லோரி ஆவி கக்கி நிற்கிறது, பின்னால் பஸ்கள் ஹாரன் அடிக்கின்றன, சூப்பர்வைசர் யுகேந்திரன் லோரியின் முகத்தைப் பார்க்காமலிருக்க முயன்றான். முகம் எங்கே தெரிகிறது? ரேடியேட்டருக்கு முன்னால் கம்பிவலை முழுவதையும் மூடிக்கொண்டு தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் பதாகை. அதில் முருகன் கட்டைவிரல் அளவு, முதலாளி சோமு கும்பிட்டபடி இரண்டு முழம். காற்று நுழைய இடமேயில்லை. கட்டியது யார்? இவனேதான், திங்கட்கிழமை, நாலு மூலையிலும் கம்பி முறுக்கி.

அன்று மாலையே டிரைவர் ஜெயராஜ் சொன்னான், "அண்ணே, மீட்டர் முள்ளு சிவப்புக்கு ஏறுது, அவுத்துடலாம்லா." சாமி காரியத்தில் கை வைக்காதே என்றான் இவன். சாமியா? முதலாளிக்குப் பயந்த வாய், எதைப் போட்டுக் கழுவுவது அதை... மறுநாளும் சொன்னான், "சாமி மலையில இருக்கு, முதலாளி எஞ்சின அவிச்சுக்கிட்டு இருக்காரு." இவனும் சிரித்தான். சிரித்துவிட்டுக் கம்பியை இன்னும் இறுக்கினான். சற்றுமுன் முதலாளி போனில் கத்தக்கூட இல்லை, சாவகாசமாகச் சொன்னார். "டிரைவர் கவனக்குறைவுன்னு போட்டுடுப்பா. ஒர்க்‌ஷாப் போமன் வந்து எஞ்சின பாக்குறதுக்குள்ள பதாகைய அவுத்துடு." ஜெயராஜுக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள், மூன்றாவது வந்தால் வேலை இல்லை, அந்த இரண்டையும் தட்டச்சு செய்ததும் இந்த விரல்கள்தானே, இப்போது அவையே கம்பியை அவிழ்க்கின்றன, சூட்டில் இளகிய முதலாளியின் கன்னம் பிசுபிசுவென்று உள்ளங்கையில் ஒட்டுகிறது, சீ...

சாலையோரம் குந்தியிருந்த ஜெயராஜ் எழுந்து வந்தான், திட்டுவான், திட்டட்டும், திட்டினால் நல்லது. அவன் பதாகையின் மறுமுனையைப் பிடித்து மடிக்க உதவினான். "எம்பேர்லயே போடுங்கண்ணே. புக்கிட் தெங்கா ஃபேக்டரில ஆள் எடுக்குறாங்களாம், சொல்லி வச்சிருக்கேன்."

பொய். நேற்றுக்கூட இந்த வேலையை விட்டால் வேறு கதியில்லை என்றவன். பொய்யென்று தெரிந்தும் யுகேந்திரனின் நெஞ்சு சட்டென்று லேசானது, மூச்சுக்கூடத் தாராளமாக வந்தது... அதை ஜெயராஜ் பார்த்திருப்பானோ?