பத்து லட்சமாவது வண்டி

லூஹே கார் கம்பெனி ஷோரூம் மானேஜர் ஜோ ஒரு பெட்டி லிச்சிப் பழத்தோடு கொட்டகைக்குள் நுழைந்தபோது, வெய் சுன்லியு முழங்கை வரைக்கும் ஊறல் தொட்டிக்குள் கையை விட்டு மூங்கில் குருத்தை அள்ளிக்கொண்டிருந்தாள். வாடைக்கு அவன் மூக்கு சுளித்ததை அவள் பார்த்தாள். கையைக் கழுவப் போகாமல் அப்படியே நின்றாள்.

"வெய் அக்கா, நல்ல சேதி கொண்டாந்திருக்கேன். வர்ற வெள்ளிக்கிழம நம்ம கம்பெனியோட பத்து லட்சமாவது வண்டி வெளிய வருது. மேடையில வண்டி உரிமையாளருங்க சார்பா நீங்கதான் பேசணும். முதலாளியே உங்க பேரச் சொன்னார்."

"தாங் அண்ணன் விஷயம் என்னாச்சு?"

"அது வேற விஷயம் அக்கா. வெள்ளத்துல ஓட்டினா எந்த வண்டிதான் நிக்காது?"

"பாலத்து மேல ஏதுய்யா வெள்ளம்? லியூ ஆறு பாலத்து மேல ஏறியிருந்தா இந்நேரம் உன் ஷோரூமுக்குள்ள மீன் மேய்ஞ்சிட்டு இருக்கும்."

ஜோ சிரித்து வைத்தான். முப்பது வயசுக்காரன், எதற்கும் சிரிக்கப் பழக்கப்பட்டவன். உறை ஒன்றைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுப் படித்துப் பார்க்கச் சொன்னான்.

சுன்லியுவுக்கும் லூஹேவுக்கும் இருந்த உறவு லியூஜோ நகரத்துக்கே தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குக் கிழக்கே தகரக் கொட்டகையில் டிராக்டர் சாமான் செய்துகொண்டிருந்த கம்பெனி அது. திடீரென்று பேட்டரியில் ஓடும் குட்டிக் கார் ஒன்றைச் செய்து, நல்ல ஸ்கூட்டர் நான்கு வாங்கும் விலைக்கு விற்கத் தொடங்கியது. சோயாக் கட்டி மாதிரி சதுரமாய், வெள்ளையாய் இருந்ததால் ஊர் அதை டோஃபு என்று கேலி செய்தது. அந்த டோஃபுவை முதல் மாசத்திலேயே வாங்கியவள் சுன்லியு. அதற்கு முன்னால் வாளிகளை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, மழையில் நனைந்து, நத்தை நூடுல்ஸ் கடைகளுக்குக் குருத்து கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை வழுக்கி விழுந்து ஒன்றரை மாசம் படுத்துக் கிடந்தாள். கார் வந்த பிறகு காலை ஒன்பது மணிக்குள் இருபத்திரண்டு கடை முடிந்துவிடும். தலை நனையாது. சந்தோஷத்தில் கதவு இரண்டிலும் பீச் பூக்களைத் தன் கையாலேயே வரைந்தாள். அந்தப் படத்தைக் கம்பெனி பஸ் நிறுத்தமெல்லாம் ஒட்டியது. உரிமையாளர் குழு ஒன்றைப் போனில் தொடங்கினாள். ஐந்நூறு பேரோடு அது நிரம்பி வழிந்தது. "வாங்கலாமா?" என்று கேட்டவர்களிடம் எல்லாம் "கண்ண மூடிட்டு வாங்கு" என்றாள். அப்படி அவள் பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள் அறுபது பேருக்குக் குறையாது.

அவர்களில் கடைசி ஆள் தாங். முப்பத்தொரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். "இது காரா? சக்கரம் வெச்ச பெட்டி. இதுல ஏறினா நான் ஓட்டின பஸ்ஸு என்னைப் பாத்துச் சிரிக்கும்," என்று ஒரு வருஷம் முரண்டு பிடித்தார். அவர் மனைவி பெய்ச்சினுக்கு முழங்கால் தேய்மானம். வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சுன்லியு விடாமல் நச்சரித்து, போன இலையுதிர்காலத்தில் கூடவே போய் வாங்கிக் கொடுத்தாள். நிறத்தைக்கூட அவள்தான் தேர்ந்தெடுத்தாள்.

ஜூன் மூன்றாம் தேதி நல்ல மழை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பாலத்தின் ஏற்றத்தில் அந்த வண்டி நின்றது. திரை இருண்டது, கண்ணாடி துடைப்பான் பாதியில் நின்றது. பொத்தானை அமுக்கினால்தான் கதவு திறக்கும். மின்சாரம் இல்லாமல் பொத்தான் செத்துக் கிடந்தது. பின்னால் வந்த சிமென்ட் லாரி பிரேக் போட்டும் வழுக்கி வந்து இடித்தது. பெய்ச்சினுக்குக் காறை எலும்பும் இரண்டு விலா எலும்பும் முறிந்தன. யாரோ ஒரு வழிப்போக்கர் கல்லால் கண்ணாடியை உடைத்து இருவரையும் வெளியே எடுக்கும்வரை ஒன்பது நிமிஷம் அவள் உள்ளே முனகிக்கொண்டே கிடந்தாள். வெளியே ஒருவர் போனில் எடுத்த படத்தில் அந்த முனகல் கேட்கிறது. சுன்லியு அதை ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அதற்குமேல் முடியவில்லை.

கம்பெனி வண்டியைக் கொண்டுபோய் உடைந்ததையெல்லாம் மாற்றி, பன்னிரண்டு நாள் கழித்து முத்திரை குத்திய காகிதத்தோடு திருப்பித் தந்தது. 'நீர் புகுந்தது ஓட்டுநரின் கவனக்குறைவால். வண்டியில் குறை எதுவும் இல்லை.'

சுன்லியு அந்தப் படத்தையும் காகிதத்தையும் குழுவில் போட்டாள். ஐந்நூறு பேரும் கொதித்து எழுவார்கள் என்று நினைத்தாள்.

"என் டோஃபு மூணு வருஷமா ஒரு நாள்கூட நின்னதில்ல. கெழவருக்கு ஓட்டத் தெரியல," என்றார் ஒருவர்.

"முப்பத்தொரு வருஷம் பஸ்ஸு ஓட்டினவருக்கா ஓட்டத் தெரியல?" என்று சுன்லியு திருப்பி எழுதினாள்.

"இந்த வெலைக்குக் கதவு இருக்கிறதே பெருசு அக்கா."

"படத்த எடுத்துடுங்க. நாளைக்கு நம்ம வண்டிய விக்கப் போனா ஒருத்தனும் வாங்க மாட்டான்."

"எவன் காசு குடுத்தான் ஒனக்கு? போட்டிக் கம்பெனிக்காரனா?"

கடைசி வரியை எழுதியவள், பிள்ளை பிறந்தபோது சுன்லியு கோழி கொண்டுபோய்க் கொடுத்தவள். சுன்லியு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொட்டகையில் அங்கும் இங்கும் நடந்தாள். அதே நாளில் பதினொரு பேர் தனியாக எழுதினார்கள். எனக்கும் நின்றது, நல்லவேளை தெருவில்தான். எனக்கும் நின்றது, வெளியே சொன்னால் கம்பெனியில் வேலை பார்க்கும் மாமனாருக்குச் சங்கடம். கணக்குப் பார்த்தால் பதினொரு வண்டியும், தாங்கின் வண்டியைப் போலவே, போன வருஷம் திறந்த புது ஆலையில் செய்தவை.

ஜோ வைத்துவிட்டுப் போன உறையை இப்போது பிரித்தாள். 'என் டோஃபு என் குடும்பத்தில் ஒருத்தி' என்று தொடங்கியது அவள் பேச வேண்டிய பேச்சு. அடியில் சின்னக் குறிப்பு: வெள்ளிக்கு முன்னால் குழுவிலிருந்து அந்தப் படத்தை நீக்கிவிடவும், விழாவில் புது வண்டி ஒன்று பரிசாகத் தரப்படும். லிச்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். ஜோ அப்போதுதான் தன் டோஃபுவில் ஏறிக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாகப் பெட்டியை அவன் மடியில் வைத்தாள்.

"பழத்த நீயே தின்னு. நாளைக்குக் காலையில எட்டரைக்கு ஷோரூமுக்கு வர்றேன். அங்க பேசிக்கலாம்."

மறுநாள் விடிந்ததும் புது ஆலை வாசலுக்குப் போய் நின்றாள். அவள் தம்பி யோங்பின் அங்கே ஒரு வரிசைக்கு மேற்பார்வையாளன். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவன் அக்காவைப் பார்த்ததும் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"இங்க எதுக்குக்கா வந்தே? எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். வண்டி ஏண்டா நிக்குது?"

"எனக்கென்ன தெரியும்?"

"யோங்பின், நான் உன்னைத் தூக்கி வளத்தவ. பொய் சொன்னா உன் காது செவக்கும். இப்ப செவந்திருக்கு."

அவன் அவளைப் பழவண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். "பேட்டரி வயர் சேருற எடத்துல ஒரு ரப்பர் வளையம். பழைய ஆலையில தடியா இருக்கும். இங்க பாதிதான். நிமிஷத்துக்கு ஒரு வண்டி வெளிய போவணும்னு உத்தரவு. தடி வளையம் உக்கார நேரம் புடிக்குதுன்னு மாத்திட்டாங்க. நான் எழுதிக் குடுத்தேன்கா. ரெண்டு தடவ எழுதிக் குடுத்தேன்."

"கதவு?"

"ஓட்டுற சீட்டுக்கு அடியில, கம்பளத்துக்குக் கீழ ஒரு செவப்புக் கயிறு இருக்கு. இழுத்தா தொறந்துக்கும். கையேட்டுல அந்தப் பக்கத்தை அச்சடிக்காம விட்டுட்டாங்க."

"ஒரு கயிறு இருக்குன்னு சொல்றதுக்கு உங்களுக்கு என்னடா கேடு?" அவள் குரல் உயர்ந்தது. "அந்தம்மா ஒம்போது நிமிஷம் உள்ள கெடந்தாங்கடா!"

"அக்கா, கத்தாதே. இந்த ஊரே அவங்க சோத்தத் திங்குது. நானும், நீயுந்தான். இந்த வண்டி இல்லன்னா உன் தொழில் ஏது?"

அவனை முறைத்துவிட்டு வந்து வண்டியில் ஏறினாள். அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளை இன்னும் எரித்தது.

அவள் முன்னமே சொல்லி வைத்தபடி, ஷோரூம் வாசலில் தாங் தன் வண்டியோடு காத்திருந்தார். தனியாக எழுதிய பதினொரு பேரில் ஏழு பேர் வந்திருந்தார்கள். புது வண்டி பார்க்க வந்தவர்களும் சேர்ந்து முப்பது பேருக்குக் குறையாது. ஜோ வெளியே வந்து எல்லாருக்கும் தேநீர் கொண்டுவரச் சொன்னான்.

"தேநீர் வேணாம்," என்றாள் சுன்லியு. "குறை இல்லன்னு முத்திரை குத்திக் குடுத்தீங்கல்ல, அந்த வண்டி இதுதான். நீ இதுக்குள்ள உக்காரு. உன் வண்டி கழுவுற எடத்துலயே, மழையில ரோட்டுத் தண்ணி தெறிக்கிற மாதிரி அடியில தண்ணி அடிக்கச் சொல்றேன். வண்டி நிக்கலன்னா வெள்ளிக்கிழம நான் மேடை ஏறி, நீ எழுதினத ஒரு எழுத்து விடாமப் படிக்கிறேன்."

ஜோ கூட்டத்தைப் பார்த்தான். ஏழெட்டுப் போன்கள் அவனை நோக்கி நீண்டிருந்தன. "தாராளமா அக்கா," என்று சிரித்துக்கொண்டே ஏறினான். கதவைச் சாத்தி, மோட்டாரைப் போட்டு, துடைப்பானையும் ஓடவிட்டான். வண்டி கழுவும் பெண்மணி குழாயைத் திருகினாள்.

முதல் நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. ஜோ உள்ளிருந்து கையசைத்தான். இரண்டாவது நிமிஷமும் போனது. கூட்டத்தில் யாரோ நக்கலாகக் கை தட்டினார்கள். மூன்றாவது நிமிஷம் துடைப்பான் பாதியில் நின்றது.

தண்ணீரை நிறுத்தச் சொன்னாள். ஜோ பொத்தானை அமுக்கினான். மறுபடி அமுக்கினான். ஜன்னலை இறக்கப் பார்த்தான். பிறகு தோளால் கதவை இடித்தான். ஜூன் மாசப் புழுக்கத்தில் கண்ணாடி உள்பக்கம் மங்கத் தொடங்கியது. கடைப் பையன்கள் ஓடிவந்து வெளியிலிருந்து கைப்பிடியை இழுத்துப் பார்த்தார்கள். ஒருவனுக்கும் அந்தக் கயிறு தெரியவில்லை.

சுன்லியு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். ஜோ சட்டைப் பொத்தானைக் கழற்றினான். அவன் வாய் அசைவது தெரிந்தது, சொல் கேட்கவில்லை. ஐந்து நிமிஷம். உள்ளங்கையால் கண்ணாடியை அறைந்தான். இப்போது அவன் சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குள் ஒரு திருப்தி ஊறியது. அது நல்லதல்ல என்று தெரிந்தும் அதை விலக்க அவள் விரும்பவில்லை.

"போதும் சுன்லியு," என்றார் தாங். "உனக்கு வழி தெரியும்ல? உன் மூஞ்சியே சொல்லுது."

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு அண்ணே. அண்ணி கெடந்தது ஒம்போது."

"என் பொண்டாட்டி கெடந்தாளேன்னு இன்னொருத்தன் கெடக்கணுமா? எனக்கு வேணாம்மா அது." தாங் சுவரோரம் கிடந்த சக்கரம் கழற்றும் இரும்பை எடுத்தார். ஜோவைத் தலையைக் குனியச் சொல்லி ஜாடை காட்டிவிட்டு, புதுசாகப் போட்டுக் கொடுத்த கண்ணாடியை ஒரே அடியில் உடைத்தார்.

ஜோவை ஜன்னல் வழியாக இழுத்து எடுத்தார்கள். ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தான். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

"எனக்கும் யாரும் சொல்லல அக்கா," என்றான் மூச்சு வாங்க. "என் பொண்ண இதுலதான் பள்ளிக்கூடத்துல விடுறேன்."

சுன்லியு குனிந்து, உடைந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டு, கம்பளத்தைக் கிழித்து அந்தச் சிவப்புக் கயிற்றை எல்லாரும் பார்க்கும்படி இழுத்தாள். கதவு டக்கென்று திறந்தது. கூட்டம் கயிற்றையே பார்த்தது. தாங் மட்டும் அவளைப் பார்த்தார். அவள் அந்தப் பார்வையைச் சந்திக்காமல், கயிற்றைப் படமெடுத்துக் குழுவில் போட்டாள். கோழி வாங்கித் தின்றவளுக்கும் சேர்த்துத்தான்.

சாயங்காலத்துக்குள் அந்தப் படங்கள் ஊரெல்லாம் சுற்றின. மூன்றாம் நாள் கம்பெனி 'கோடைகால அன்புச் சேவை மாதம்' என்று, வளையத்தை இலவசமாக மாற்றித் தரும் முகாம் ஒன்றை அறிவித்தது. குறை என்ற சொல் அதில் எங்கும் இல்லை. பெய்ச்சினின் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டார்கள். ஒருவரும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை விழா நடந்தது. கதவில் தாமரை வரைந்த வேறொருத்தி மேடையில் பேசினாள். புது ஆலையிலேயே வளையத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தவன் ஒருவன்தான் என்பதால் யார் வாயைத் திறந்தது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு நேரம் ஆகவில்லை. யோங்பினை வடக்கே ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிடங்குக்கு மாற்றினார்கள். ரயில் ஏறுகிற நாளில் சுன்லியு ஸ்டேஷனுக்குப் போனாள். அவன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யோங்பின் மட்டும், "உன் வண்டி பழைய ஆலை வண்டிதான், இருந்தாலும் காமிச்சு வளையத்தைப் பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு ஏறினான்.

அவள் காமித்தாள். சேவை நிலையத்தில் வளையத்தை மாற்றி, கயிற்றின் மேல் ஒரு மஞ்சள் அட்டையும் ஒட்டிக் கொடுத்தார்கள். கவுன்டரில் இருந்த பெண் ஒரு தாளை நீட்டினாள். 'வாடிக்கையாளரின் வேண்டுகோளுக்கிணங்க, நல்லெண்ணத்தின் பேரில் மாற்றப்பட்டது.'

"நான் எதையும் வேண்டிக்கலியே," என்றாள் சுன்லியு.

"எல்லாரும் இதுலதான் கையெழுத்துப் போடுறாங்க அக்கா. போடலன்னா வண்டிய வெளிய விட முடியாது."

பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். கடைகளுக்குப் போகவேண்டிய குருத்து வண்டியில் இருந்தது. சுன்லியு பேனாவை வாங்கி, அந்த வரியை இரண்டு தடவை அடித்தாள். அதன்மேல், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி, 'கம்பெனி செய்த தப்பால் மாற்றப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இத எப்படி அக்கா நான் மேல அனுப்புறது?" என்று அந்தப் பெண் பதறினாள்.

"அனுப்பித்தான் பாரேன்," என்றாள் சுன்லியு. பேனாவைத் தனக்குப் பின்னால் நின்றவரின் கையில் கொடுத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். அவர் பேனாவைப் பிடித்தபடி தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.