பதினோரு குட்டிகளும் ஒரு காய்ச்சலும்

1

இந்தக் கதை ஒரு நன்றிக் கடிதமாகத்தான் தொடங்கியது. எங்கள் ஊர் மருத்துவ உதவியாளர் ஊல்கான் அக்காவுக்கு எழுத உட்கார்ந்தேன். ‘மதிப்பிற்குரிய’ என்பதைத் தாண்டவில்லை. அவர் பிழைக்க வைத்தது என் அண்ணன் தொக்தோசூனை. பக்கத்தில் இருந்து பார்த்தவர் அண்ணி புர்மகான். அவர் சொல்லச் சொல்ல எழுதியது இது.

எங்கள் நாரின் மலையில் பனி உருகிக்கொண்டிருந்த ஒரு

(வேண்டாம். நேராகவே வருகிறேன்.)

மூன்று வாரமாக அண்ணன் காலையில் நன்றாக எழுந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு போவார். மாலையானால் உடம்பு கொதிக்கும். விடிவதற்குள் வியர்த்துக் கொட்டிச் சட்டை நனையும். “விட்டுடுச்சு” என்பார். மாலையில் திரும்ப வரும். இடுப்பு வலியில் குதிரை ஏற முடியாமல் போன அன்று அண்ணி ஆளனுப்பினார்.

2

ஊல்கான் அக்கா வந்ததும் முதலில் செய்தது, அண்ணன் மேலிருந்த இரண்டு மெத்தைப் போர்வைகளையும் ஆட்டுத்தோல் கோட்டையும் உருவி எறிந்ததுதான்.

“ஏம்மா புர்மகான், புருஷனை அவிச்சு எடுக்கப் போறியா?”

“குளிருதுன்னு நடுங்குறாருக்கா.”

“நடுக்கத்துக்கு மெல்லிசா ஒண்ணு போதும். தண்ணி குடுத்துக்கிட்டே இரு. சூடு தணிய மாத்திரை தரேன். ஆனா காய்ச்சல் சும்மா வராது. உள்ள எதுவோ இருக்கு, அதுதான் கூப்பிடுது.” பிறகு அண்ணனைப் பார்த்தார். “இந்த வருஷம் எத்தனை ஆடு மாசம் நிறையாம குட்டி போட்டுச்சு?”

“ஒண்ணுகூட இல்ல.”

பதினொன்று. எல்லாமே செத்துப் பிறந்தவை. வெறுங்கையால் அண்ணன்தான் வெளியே இழுத்துப் போட்டார். சொன்னால் கால்நடை மருத்துவர் வருவார், மந்தை போய்விடும்.

3

நான் முதலில் எழுதிய படியில், அண்ணி உடனே உண்மையைச் சொல்லிவிடுகிறார். படித்துக் காட்டினேன்.

“நான் அவ்வளவு நல்லவ இல்ல தம்பி. நானும் இல்லைன்னுதான் சொன்னேன். அடிச்சு எழுது.”

அடித்துவிட்டேன். இருவருமே பொய் சொன்னார்கள். ஊல்கான் அக்கா கோபித்துக்கொண்டு கிளம்பவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுத் தேநீர் கேட்டார். இரண்டு கிண்ணம் குடித்தார். மூன்றாவதை அண்ணி ஊற்றும்போதுதான் அக்கா பேசினார்.

“ஆடு போனா நானும் உன்கூட உக்காந்து அழறேன். இந்த ஆளு போனா என்னை அழக் கூப்பிடாத.”

“பதினொண்ணுக்கா” என்றார் அண்ணி.

(அந்த மூன்றாவது கிண்ணம் வரை பொறுத்திருந்தீர்களே, அதற்குத்தான் அக்கா, இத்தனை வரியும்.)

4

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஆட்டிலிருந்து தொற்றும் காய்ச்சல். காய்ச்சாத பாலிலும் வரும். இரண்டு மருந்து, ஆறு வாரம். நடுவில் நன்றாகிவிட்டது என்று நிறுத்தக் கூடாது. அறுபது ஆட்டில் நோய் கண்ட முப்பத்தெட்டை அழிக்க ஓட்டிக்கொண்டு போனார்கள். ஊல்கான் அக்கா சொன்னபடியே வந்து உட்கார்ந்து அழுதார். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஒரு வாரத்துக்கு மேல் அண்ணியிடம் பேச்சில்லை. மாத்திரையை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கி விழுங்கினார்.

பிறகு ஒரு மாலை. அண்ணி அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். உள்ளேயிருந்து அண்ணன் குரல்.

“முப்பத்தாறு புள்ளி ஆறு.”

தானாகவே காய்ச்சல்மானி வைத்துப் பார்த்திருக்கிறார். காய்ச்சல் இல்லை.

அண்ணி என்ன பதில் சொன்னார்? நான் எழுதிய ஒரு படியில் அழுதார். இன்னொன்றில், “ஆட்டுக்கும் வெச்சுப் பாத்தியா?” என்று சீண்டினார். இரண்டும் நான் கட்டியவை. அவரிடமே கேட்டேன்.

“அது எங்க ரெண்டு பேருக்குள்ள. படிக்கிறவங்களுக்கும் வீட்ல யாராச்சும் காய்ச்சல்லேந்து எழுந்திருப்பாங்க இல்ல? அப்ப தாங்க என்ன சொன்னாங்களோ, அதை எழுதிக்கட்டும்.”

இடம் விட்டிருக்கிறேன்.

“                    ”