நுளம்புவலை கட்டின எஞ்சின்

நிரோஜாக்கு அண்டைக்கு ஒரு பகல்தான் இருந்தது. அப்பான்ர லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில எஞ்சின் ஹெட்டைக் கழட்டி, கம்பஸ் புறொஜெக்டுக்கு எண்டு கொட்டிலுக்குள்ள வச்சிருக்கிறாள். பின்னேரம் நெல்லு மூட்டை ஏத்தவேணும். அதுக்குள்ள திருப்பிப் பூட்டாட்டி அப்பா கனகலிங்கம் வீட்டை ரெண்டாக்கிப்போடுவார்.

வேலை என்னெண்டா, எஞ்சினுக்குள்ள காத்து விடுற வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாத் திறந்து, ஒவ்வொருக்காலும் எவ்வளவு காத்து போகுதெண்டு அளக்கிறது. உறிஞ்ச ஒரு பழைய வக்கியூம் கிளீனர். அளக்க, தண்ணி விட்ட வளைஞ்ச குழாய். காத்து கூடினா தண்ணி ஏறும்.

"ஏறுதில்லையடி," எண்டான் நிஷாந்தன், அவளோட ஒண்டாப் படிக்கிறவன். "பாதி திறக்குமட்டும் வடிவா ஏறுது. அங்கால என்ன செய்தாலும் அசையுதில்லை. பேசாம கிராப்பில கோட்டை மேல இழுத்துக் கீறிவிடுவமே? கம்பஸ் சேருக்கு எங்க தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமெல்லே. வாயப் பொத்திக்கொண்டு போய் சோடா வாங்கிக்கொண்டு வா."

பக்கத்து வயலில நெல்லு வெட்டு மெசின் ஓடுது. எங்க பாத்தாலும் தூசும் பதரும். அது அப்பான்ர ஹெட்டுக்குள்ள போகக்கூடாதெண்டு காலமையே தன்ர படுக்கைக்குக் கட்டுற நுளம்புவலையை மடிச்சு, காத்து போற வாயில இறுக்கிக் கட்டிப்போட்டாள். நல்ல பிள்ளையெல்லே!

நிஷாந்தன் தூசுக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு சைக்கிளில பறந்துபோய் வந்தான். வந்ததும் வராததுமா மாஸ்கைக் கீழ இழுத்துவிட்டு மூச்சு வாங்கினான். "சும்மா நிக்கேக்க ஒண்டும் தெரியாதடி. இறுக்கி உழக்கேக்கதான் இது அடைக்குது."

நிரோஜா மாஸ்கைப் பாத்தாள். வலையைப் பாத்தாள். பதர் அப்பி, வலை உள்ளுக்கு ஒட்டிப்போய்க் கிடந்தது.

"டேய், வால்வில பிழையில்லை! வீட்டு வாசலைத் திறந்துவிட்டிட்டு ரோட்டுப் படலையைப் பூட்டி வச்சிருக்கிறம்!"

வலையை அவிட்டாள். தண்ணி ஏறினது, பாதியைத் தாண்டியும் ஏறினது.

"பிள்ளை! என்ர எஞ்சின்ர வாயில பதர் தீத்திறியோ?" கொட்டில் வாசலில கனகலிங்கம்.

"இன்னும் ரெண்டு தரம்தான் அப்பா. கழுவித் தாறன்."

அவர் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு குந்தினார். தண்ணி ஏறுறதையே பாத்துக்கொண்டு இருந்தார். "என்ர எஞ்சின் இவ்வளவு காத்தோ குடிக்கிறவன்?"

"ஓமப்பா."

பிறகு மண்ணெண்ணெயும் பழைய பிறஷுமா ஒரு மூலை விடாமல் தேய்ச்சு, ஹெட்டைத் திருப்பிப் பூட்டினாள். மூட்டை பொழுதுபட்டுத்தான் ஏறினது. பிந்தினதுக்குக் கனகலிங்கம் பேசினார்தான். ஆனா வீடு ஒண்டாத்தான் இருந்தது.