அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லையாம்

மூன்று மணிக்கு ஷிப்ட் முடிய வேண்டிய அம்மா பதினொன்றேகாலுக்கே வீட்டுக்குள் நுழைந்தாள். தேர்வுக்காக விட்டிருந்த விடுமுறையில், சுண்டு புத்தகத்தை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தாள். ஒரே பக்கத்தை நாற்பது நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"ஏம்மா சீக்கிரம் வந்துட்ட?"

"வண்டியைத் தொடக்கூடாதுன்னுட்டாங்க. திங்கக்கிழமை வரைக்கும்."

வண்டி என்றால் ஃபோர்க்லிஃப்ட். குளிர்பதனக் கிடங்கில் பெட்டிகளை ஏழாவது அடுக்கு வரைக்கும் தூக்கி வைக்கிற வண்டி. அம்மா அதைப் பதினோரு வருடமாக ஓட்டுகிறாள். ஒரு கீறல் விழாமல் பின்பக்கமாக எடுக்கத் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று அவளே சொல்லிக்கொள்வாள். கிடங்கில் யாரும் அதை மறுத்ததில்லை.

முந்தாநாள் சாயங்காலம் கம்பெனியிலிருந்து எல்லோர் போனுக்கும் ஒரு படிவம் வந்திருந்தது. வேலை செய்கிறவர்களின் மனநலத்தைத் தெரிந்துகொள்ளும் பரிசோதனையாம். பன்னிரண்டு கேள்விகள். குளிரிலும் தடித்த கையுறையிலும் கிடந்து காய்ப்பேறிப்போன அம்மாவின் விரலுக்குப் போன் திரை மசியாது. பேருந்துப் பாஸ் முதல் மருத்துவமனை டோக்கன் வரைக்கும் வீட்டில் எல்லாவற்றையும் தட்டிக்கொடுப்பது சுண்டுதான். "நீயே போட்டுடுடி. அம்மா கல்லு மாதிரி இருக்கேன்னு போடு," என்று சொல்லிவிட்டு அம்மா குளிக்கப் போய்விட்டாள்.

கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் வருவதில் சிரமம் இருந்ததா? 'இல்லவே இல்லை'யைத் தொடப்போன விரல் அந்தரத்தில் நின்றது. இதை யாரும் சுண்டுவிடம் கேட்டதே இல்லை. படிச்சியா என்பார்கள், சாப்பிட்டியா என்பார்கள். ஒரு விளையாட்டுப் போல 'அநேகமாகத் தினமும்' என்று தட்டினாள். மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அடுத்து, பசியின்மை. அடுத்து, காரணம் தெரியாத பயம். தன்னால் எல்லோருக்கும் ஏமாற்றம்தான் மிஞ்சும் என்ற நினைப்பு. தட்டத் தட்ட, முதுகிலிருந்து யாரோ புத்தகப் பையைக் கழற்றுவது போல இருந்தது. உயிரை விடத் தோன்றியதா என்ற கடைசிக் கேள்விக்கு மட்டும் 'இல்லவே இல்லை' என்று போட்டாள். அதுவும் உண்மைதான். முதலிலிருந்து எல்லாவற்றையும் மாற்ற எண்ணியபோது குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. பதறிய விரல் 'அனுப்பு' மேல் பட்டுவிட்டது.

மத்தியானம் அப்பா சலூனைச் சாத்திவிட்டுச் சாப்பிட வந்தார். அம்மா பரிமாறிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள்.

"கம்பெனி கவுன்சலிங் மேடம் கூப்பிட்டு, படிவத்துல இருந்த பதிலை ஒவ்வொண்ணா படிச்சுக் காட்டினாங்க. எனக்குத் தூக்கமே வரலையாம்."

"உனக்கா? அப்ப ராத்திரி என் காதுகிட்ட மாவு மில்லு ஓட்டுறது யாரு?"

"பசியும் இல்லையாம்."

அப்பா அம்மாவின் தட்டைப் பார்த்தார். அதில் சோறு குவிந்திருந்தது. அம்மாவே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

சுண்டுவும் சிரிக்கப் பார்த்தாள். திங்கட்கிழமையும் வண்டியைத் தராவிட்டால்? ஓரத்து மேசையில் உட்கார்ந்து பெட்டிக்கு லேபிள் ஒட்டச் சொல்லிவிட்டால்? உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி வருமே, அப்ப இது யாரோட பதில் என்று. வண்டியைவிட அந்தக் கேள்விக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள்.

"மனசு சரியில்லன்னா கடைக்கு வா, மண்டைக்கு மசாஜ் பண்ணி விடுறேன்," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்பா கிளம்பிப் போனார். அம்மா பாத்திரம் தேய்க்கத் தொடங்கினாள். சுண்டு அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். முகத்தைப் பார்க்காமல் சொல்வது சுலபமாக இருக்கும் என்று பட்டது.

"அம்மா, அந்தப் பதிலெல்லாம் நான் போட்டது."

"நான்தானே போடச் சொன்னேன்."

"அது இல்லம்மா. உன்னைப் பத்திப் போடல. என்னைப் பத்திப் போட்டுட்டேன்."

அம்மா குழாயை மூடினாள்.

"மூணாவது கேள்வியிலயே தெரிஞ்சுபோச்சுடி. எனக்கு எதுக்குக் காரணம் தெரியாத பயம்? ரெண்டு டன்னைத் தலைக்கு மேல தூக்கிட்டு நிக்கிறவ நான். அவங்க படிக்கப் படிக்க எனக்கு உன் தட்டுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. பாதிச் சோறு அப்படியே கிடக்கும். பரீட்சை டென்ஷன்னு நானா முடிவு பண்ணிட்டேன். நீயா வந்து சொல்றியான்னுதான் இவ்வளவு நேரம் பார்த்தேன்."

"அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னேன். படிவத்தை அடுத்தவங்க கையில குடுத்ததுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் குடுத்தாங்க. திங்கக்கிழமை அவங்க முன்னாடி உக்காந்து நானே பதில் சொல்லணும். அப்புறம்தான் வண்டி."

"உன் பேரைக் கெடுத்துட்டேனேம்மா." சுண்டு விசும்பினாள்.

"போடி. நாலு நாளைக்கு எங்க ஷிப்டு நெட்டையன் ஓட்டட்டும். ரெண்டு அடுக்கை இடிச்சான்னா என் அருமை தானா தெரியும்." அம்மா திரும்பி, ஈரக் கையாலேயே அவள் கன்னத்தைத் துடைத்தாள். கன்னம் இன்னும் அதிகமாக நனைந்தது. "கிளம்பும்போது கேட்டேன், வீட்ல இப்படி ஒரு புள்ள இருந்தா அம்மாக்காரி என்ன செய்யணும்னு. உன் வயசுப் பசங்களைப் பார்க்கிற ஒரு டாக்டரம்மா நம்பரை எழுதிக் குடுத்திருக்காங்க. உனக்குச் சம்மதம்னா நாளைக்கே போவோம். இன்னொண்ணும் சொன்னாங்க. அவ பேசுறப்ப நீங்க நடுவுல பேசாதீங்கன்னு. அதுதான் கொஞ்சம் கஷ்டம். பார்ப்போம்."

அழுகைக்கு நடுவே சுண்டுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜன்னலோரக் கட்டிலில் இருவரும் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். "பெருசா ஒண்ணும் இல்லம்மா," என்று சுண்டு ஆரம்பித்தாள். அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள்.

எதிர் மாடியில் ஒரு பெண் காய்ந்த துணிகளைக் கொடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். கொடி நிறையத் துணி இருந்தது. வெயிலும் இன்னும் நிறைய இருந்தது.